நிலையடியில் கொட்டும் தூளும் இரவில் வரும் கட்டெறும்பும்

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீடு 2013இல் வீட்டுத்திட்டத்தில் கட்டியது. சீமெந்துக்கல் சுவர், பனஞ்சிலாகை போட்ட ஓட்டுக்கூரை. குசினியிலிருந்து குளியலறைக்குப் போகும் கதவின் நிலையடியில் இரண்டு மாதமாக மரத்தூள் கொட்டுகிறது. கூட்டினால் மறுநாளும் அதே அளவு. இருட்டின பிறகு பெரிய கறுப்பு எறும்புகள் சுவரோரமாக வரிசை கட்டுகின்றன. ஸ்பிறே மூன்று போத்தல் முடிந்துவிட்டது. இணையத்தில் தேடினால் ‘தச்செறும்பு, வீட்டையே அரித்து விழுத்திவிடும்’ என்று இருக்கிறதாம். பக்கத்து வீட்டு ஐயா மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார். மருந்தடிக்க வந்தவரோ கூரையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

முதலில் கூரையைக் கழற்ற வேண்டாம். மண்ணெண்ணெயும் வேண்டாம். ஸ்பிறேயையும் நிற்பாட்டுங்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா தச்சு வேலை செய்தவர். நான் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கூரையும் நிலையும் திருத்தித் திரிகிறவன். இந்த எறும்புக் கதையை வருசத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் கேட்பார்கள்.

தச்செறும்பு என்று இணையத்தில் சொல்வதும் எங்கள் ஊர்க் கட்டெறும்பும் ஒரே குடும்பத்துக்காரர்தான். காம்பொனோட்டஸ் என்று அறிவியலில் ஒரு பேரினம் இருக்கிறது. உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். அதில் வீட்டு மரத்தைக் குடைந்து பேர் கெட்டவை பெரும்பாலும் வட அமெரிக்கக் குளிர் நாட்டு இனங்கள். அங்கே வீட்டின் சுவர், தூண், தளம் எல்லாமே மரம். நிலைக்கால் குடைபட்டால் வீட்டின் எலும்பே குடைபட்ட மாதிரி. நீங்கள் வாசித்துப் பயந்தது அந்த வீடுகளைப் பற்றி. உங்கள் வீட்டில் மரம் இருப்பது கூரையிலும் கதவு யன்னலிலும் மட்டும். எங்கள் பக்கத்துக் கட்டெறும்புகள் மண்ணுக்குள்ளும், மரவேரடியிலும், உளுத்த கட்டைக்குள்ளும் கூடு வைக்கிறவை. வீட்டுக்குள் வருவது சாப்பாடு தேடி, அல்லது ஏற்கெனவே மெத்தென்று ஊறிப்போன மரம் கிடைத்ததால்.

இந்த ‘ஏற்கெனவே’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எறும்பு மரத்தைத் தின்பதில்லை. அதற்கு மரம் செரிக்காது. அது மரத்துக்குள் அறை எடுக்கிறது. கிணறு வெட்டுகிறவன் மண்ணை வெளியே கொட்டுகிற மாதிரி, கடித்தெடுத்த துகளை வாசலால் கொண்டுவந்து கொட்டுகிறது. அதுதான் உங்கள் நிலையடித் தூள். காய்ந்து இறுகிய முதிரை, பாலை மரங்களில் அது வாய் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். தண்ணீர் ஊறி, உள்ளே பூஞ்சணம் பிடித்து, நகத்தால் கீறினால் நார் கழரும் மரம் என்றால் குடியேறும். ஆக, எறும்பு இருக்கிற இடம் உங்கள் வீட்டில் எங்கே ஈரம் இறங்குகிறது என்று காட்டித் தருகிறது. ஈரத்தை விட்டுவிட்டு எறும்பை மட்டும் கொன்றால், ஆறு மாதத்தில் இன்னொரு கூட்டம் வரும். எறும்பு வராவிட்டால் கறையான் வரும். அது இதைவிடக் கெட்ட விருந்தாளி.

சரி, உங்கள் வீட்டில் இருப்பது உண்மையில் எறும்புதானா என்று முதலில் நிச்சயப்படுத்த வேண்டும். எறும்பைப் பார்க்கிறோமே, பிறகென்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் ஒருமுறை ஏமாந்தேன். உறவுக்காரர் வீட்டு யன்னல் நிலையில் கட்டெறும்பு ஓடுகிறது என்றார்கள். போய்ப் பார்த்துவிட்டு, ‘எறும்புதானே, சீனித்தண்ணியில் மருந்து வையுங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாரிக்கு யன்னலைத் திறந்தபோது நிலை முழுசாகக் கையோடு வந்துவிட்டது. வெளியே பெயின்ற் மட்டும் நின்றிருக்கிறது, உள்ளே மண். கறையான் வருசக்கணக்காகத் தின்று வைத்த ஓட்டைக்குள் எறும்பு வந்து குந்தியிருக்கிறது. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று சொல்வார்களே, அதே கதை, பாம்புக்குப் பதிலாக எறும்பு. அன்றைக்கு நான் தூளைப் பார்த்திருந்தால் போதும், பிழை வந்திருக்காது.

அதனால் தூளைப் பாருங்கள். நாளைக் காலையில் கூட்ட முதல் ஒரு வெள்ளைத்தாளில் அள்ளி, வெளியே விறாந்தையில் வெயிலுக்குக் கொண்டுவந்து, விரலால் பரப்புங்கள். எறும்புத் தூள் என்றால் சீவுளியில் விழுகிற சீவலைப் பொடித்த மாதிரி இருக்கும். நீளநீளமான நார், அளவு ஒழுங்கில்லாதது. அதற்குள் வேறு குப்பையும் கிடக்கும். பூச்சியின் கால், ஒடிந்த செட்டை, செத்த எறும்பின் தலை, சில நேரம் மண்துகள். எறும்பு தன் வீட்டுக் குப்பையையும் செத்தவர்களையும் அதே வாசலால்தான் வெளியேற்றும். அந்தக் காலும் தலையும் கண்ணில் பட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

தூள் கோதுமை மா மாதிரி மிருதுவாக, விரலில் ஒட்டினால் அது உளுக்கும் வண்டு. மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் தெரியும். மாம்பலகை, றப்பர் பலகை, எந்த மரத்திலும் வெளிப்பக்க வெள்ளைப்பகுதி என்றால் அதற்குக் கொண்டாட்டம். தூள் கசகசா மணி மாதிரி உருண்டு, ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருந்தால் அது காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கறையானின் எச்சம். மண்ணிலிருந்து வரும் சாதாரணக் கறையான் தூளே கொட்டாது. அது மரத்தையே தின்கிறது, கொட்ட என்ன மிச்சம்? அது விட்டுப்போவது சுவரில் ஏறும் மண்குழாய். கூரைச் சிலாகையில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு அச்சில் வார்த்த மாதிரி வட்ட ஓட்டை இருந்து, பகலில் ஒரு பெரிய கருவண்டு ரீங்காரத்தோடு சுற்றினால் அது மரம் துளைக்கும் வண்டு. பனைக்கும் மூங்கிலுக்கும் அடிக்கடி வரும். இந்தத் தூளுக்கும் எறும்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னொரு குழப்பம் ஐப்பசியில் வரும். முதல் மழை விழுந்த பின்னேரம் லைற்றைச் சுற்றிச் செட்டை முளைத்தவை மொய்க்கும். எல்லாவற்றையும் ஈசல் என்றே சொல்லிவிடுகிறோம். ஈசல் என்றால் கறையான். இடுப்பு என்று ஒன்று இல்லாமல் ஒரே பருமனாக இருக்கும், உணர்கொம்பு நேராக இருக்கும், நான்கு செட்டையும் ஒரே நீளம், தொட்டாலே கழன்று விழும். செட்டை எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடிந்திருக்கும், முன்செட்டை நீளம், பின்செட்டை கட்டை. காலையில் யன்னலடியில் கழன்ற செட்டைகள் மட்டும் குவியலாகக் கிடந்தால் நீங்கள் கவலைப்பட வேண்டியது எறும்பைப் பற்றி இல்லை.

எறும்பையே பிடித்துப் பார்ப்பதென்றால் ஒன்றைப் போத்தலுக்குள் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். கட்டெறும்பின் முதுகு தலையிலிருந்து இடுப்பு வரை ஒரே வில்லாக வளைந்திருக்கும், மேடுபள்ளம் இராது. இடுப்பில் ஒரே ஒரு முடிச்சு. ஒரே கூட்டுக்குள்ளேயே சின்னன், நடுத்தரம், பெரிய தலைக்காரன் என்று பல அளவில் வரும். கொடுக்கு இல்லை. கடிக்கும், கடித்த இடத்தில் போமிக் அமிலத்தைப் பீச்சும், அதுதான் அந்த எரிவு. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு முசுறை இதனோடு சேர்க்காதீர்கள். அது மரத்திலேயே இருக்கட்டும், மாங்காய்க்கு வரும் பூச்சியைப் பிடிக்கும்.

இனிக் கூட்டைத் தேடுவது. இதைப் பகலில் செய்து பிரயோசனமில்லை. கட்டெறும்பு இரவுக்காரன். ஏழு மணிக்குப் பிறகு குசினி லைற்றை நிற்பாட்டிவிட்டு, ஒரு சின்னத்துண்டு பனங்கட்டியை நனைத்து, வரிசை ஓடுகிற சுவரடியில் வையுங்கள். ரோர்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் வடிவாகத் தெரியாது, கலையாது. அரை மணித்தியாலத்தில் மொய்த்துவிடும். அதன் பிறகு வருகிறவனைப் பார்க்காதீர்கள். வயிறு புடைத்துத் திரும்புகிறவனைப் பின்தொடருங்கள். அவன் வீட்டுக்குத்தான் போகிறான்.

எங்கே போகிறான் என்பதில்தான் உங்கள் பிரச்சினையின் பாதி விடை இருக்கிறது. நிலைக்காலுக்குள் போனால் கூடு அங்கே. நிலையைத் தாண்டி வெளியே, விறகடுக்குக்கோ முருங்கையடிக்கோ போனால், நிலையில் இருப்பது கிளை வீடு, தாய்வீடு வெளியே. இந்தக் குடும்பத்தின் பழக்கம் அது. ராணியும் முட்டையும் ஈரமான தாய்க்கூட்டில் இருக்கும். வளர்ந்த குஞ்சுகளையும் கூட்டுப்புழுக்களையும் வேலைக்காரரையும் வேறு இடங்களில் பிரித்து வைக்கும். நிலையில் உள்ளதை மட்டும் அழித்தால் தாய்வீட்டிலிருந்து திரும்ப ஆள் அனுப்பும். மூன்று போத்தல் ஸ்பிறே ஏன் பலிக்கவில்லை என்று இப்போது விளங்கும். நீங்கள் கொன்றது சந்தைக்கு வந்தவர்களை, ஊரை இல்லை.

எங்கள் பகுதியில் அந்தத் தாய்வீடு எங்கெங்கே இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். குசினிச் சுவரோடு சாத்திய விறகு. தேங்காய்ப் பொச்சுக் குவியல். ஆட்டுக்கொட்டில் கப்பின் அடி. தறித்து விட்ட தென்னங்குற்றி. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வளவில், போர்க்காலத்தில் வெட்டி மூடிய பழைய பங்கரின், அதாவது பதுங்குகுழியின், பனங்குற்றிகள் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. மேலே செவ்வந்திப் பாத்தி. கிண்டினால் குற்றியின் உள்ப்பக்கம் முழுக்க எறும்பு, வெள்ளைக் கூட்டுப்புழுக்கள் அரிசி கொட்டின மாதிரி. அந்த வீட்டுக்காரர் இரண்டு வருசமாகக் குசினிக்குள் மருந்தடித்துக்கொண்டிருந்தவர். குற்றிகளை எடுத்து எரித்தோம். குசினி தானாக ஓய்ந்தது. வன்னியில் பங்கர் வெட்டாத வளவு குறைவு. உங்கள் வளவிலும் மூடிய இடம் இருந்தால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மண்ணைக் கிண்டும்போது வெடிபொருள் பயம் இருக்கிற இடமென்றால் கை வைக்காதீர்கள், கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லிவிட்டுத்தான் மற்றது.

உங்கள் வீட்டில் கூடு நிலைக்காலிலேயே இருக்கிறது என்பது என் ஊகம். தூள் தினமும் ஒரே இடத்தில் விழுகிறதே. சுத்தியல் பிடியால் நிலையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். டொக் டொக் என்று கேட்பது ஒரு இடத்தில் டொப் என்று மாறும். அங்கே காதை வைத்து இன்னொருக்கால் தட்டினால், ரொபித்தாளைக் கசக்குகிற மாதிரி ஒரு சரசரப்புக் கேட்கும். உள்ளே உள்ளவர்கள் கலவரப்படும் சத்தம் அது. பிறகு மெல்லிய ஸ்குறூ டிறைவரை அழுத்துங்கள். முனை நிற்க வேண்டும். வெண்ணெய்க்குள் இறங்குகிற மாதிரி இறங்கினால் அந்த மரம் முடிந்தது.

குளியலறை நிலை ஏன் முதலில் போகிறது? நிலைக்காலைத் தரைக்குள் புதைத்துச் சீமெந்து பூசிவிடுகிறார்கள். ஒவ்வொரு குளிப்புக்கும் தண்ணீர் அந்த அடியில் தேங்கும். மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும், சுற்றிவர உள்ள சீமெந்து அதை ஆறவிடாது. பெயின்ற் அடித்தது வெளியே நான்கு பக்கமும்தான், அடிமுகத்துக்கு யாரும் அடிப்பதில்லை. அதோடு அந்த நாள் அவசரமும் இருக்கிறது. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், அதுவும் தவணை தவணையாக. ஒரு கட்டம் முடித்துக் காட்டினால்தான் அடுத்த காசு. தகரக் கொட்டிலுக்குள் இருந்த சனம் மரத்தைக் காயப்போட்டுக் காத்திருக்குமா? நேற்று அரிந்த பச்சைமரம் இன்றைக்கு நிலையாக நின்றது. நான் செய்துகொடுத்த நிலைகளிலும் அப்படிப்பட்டவை உண்டு, மறைக்கவில்லை.

வைத்தியத்துக்கு வருவோம். ஸ்பிறேயை நிற்பாட்டச் சொன்னது இதற்காகத்தான். ஸ்பிறே வாசம் இருக்கிற வழியில் எறும்பு இரையைக் கொண்டுபோகாது. நமக்குத் தேவை, எறும்பு உயிரோடு கூட்டுக்குப் போய், வாயால் ஊட்டி, ராணி வரை கொண்டுசேர்க்கிற மெதுவான நஞ்சு. அதற்குப் போறிக் பவுடர், அதாவது போறிக் அமிலத் தூள், போதும். பாமசியில் கேட்டால் கிடைக்கும். கரம் போட்டில் தூவுகிறதும் பல இடங்களில் இதேதான், ஆனால் வெறும் மாவை அடைத்து விற்பதும் உண்டு, பாமசிதான் நிச்சயம்.

அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். அதற்கு ஐம்பது கிராம் அளவு சீனி, நான்கு மேசைக்கரண்டி போட்டால் சரி. போறிக் பவுடர் ஒரு தேக்கரண்டி, தலை தட்டி. இவ்வளவுதான். கூடப் போட்டால் கெதியாகச் சாகும் என்று எல்லோரும் அள்ளிப் போடுகிறார்கள். அங்கேதான் பிழை வருகிறது. நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கைத் தாண்டினால் எறும்பு வாயே வைக்காது, அல்லது வழியிலேயே செத்துவிழும். இரண்டாலும் ராணி தப்பிவிடும். கரைசலைப் பஞ்சில் நனைத்து, சோடாப் போத்தல் மூடியில் வைத்து, வரிசை ஓடுகிற வழியில் இருட்டின பிறகு வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் எறும்பு முன்னரைவிடக் கூடும். பயந்து ஸ்பிறேயைத் தூக்காதீர்கள், அதுதான் மருந்து வேலை செய்கிற அடையாளம். பஞ்சு காயக் காய நனையுங்கள். இரண்டு, மூன்று கிழமை பொறுமை வேண்டும்.

சீனியைத் தொடாமல் போனால் கூட்டில் குஞ்சு கூடிய காலம், அதற்குப் புரதம் வேண்டும். ஒரு மேசைக்கரண்டி மசித்த கருவாட்டுக்கோ அவித்த முட்டை மஞ்சட்கருவுக்கோ ஒரே ஒரு சிட்டிகை பவுடர் கலந்து வையுங்கள். கருவாடு வைத்தால் பூனை வரும் என்பதையும் யோசியுங்கள். பூனை, கோழி, தவழ்கிற பிள்ளை எது எட்டும் என்றாலும், மூடி போட்ட பிளாஸ்ரிக் டப்பாவில் எறும்பு நுழைய மட்டும் ஓட்டை துளைத்து அதற்குள் வையுங்கள். போறிக் வீட்டில் இருக்கக்கூடிய நஞ்சுகளில் சாந்தமானது. ஆனாலும் நஞ்சுதான். சீனிக்கரைசலைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினித் தட்டில் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

கூட்டு வாய் தெரிந்த நிலைக்காலுக்கு உலர்ந்த போறிக் பவுடரையே உள்ளே ஊதலாம். நிலையின் மறைவுப் பக்கத்தில் மெல்லிய துளை இரண்டு மூன்று போட்டு, காலியான முகப்பவுடர் போத்தலால் ஒரு புகை போகிற அளவுக்கு ஊதினால் போதும். குவித்துத் திணித்தால் எறும்பு சுற்றிப்போகும். சுவிட்ச் பெட்டிக்குள் எறும்பு போவதைப் பார்த்தீர்கள் என்றால் மெயினை நிற்பாட்டாமல் அதைத் திறக்கவே வேண்டாம். அதற்குள் தண்ணீரோ ஸ்பிறேயோ அடிக்கவும் கூடாது.

மண்ணெண்ணெய் விசயம். பழையவர்கள் சொல்வதில் பொய்யில்லை, பட்ட எறும்பு சாகும். ஆனால் ஊறின மரத்துக்குள் அது அரை அங்குலம்கூடப் போகாது. போன அளவும் அடுப்படிக்குப் பக்கத்தில் நிற்கிற நிலையில் நெருப்புக்குத் தீனி. வயலுக்கு அடிக்கிற மருந்தின் மிச்சத்தைக் கொண்டுவந்து வீட்டுக்குள் அடிப்பதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை, ஆனால் அடிக்கிறார்கள் என்று தெரியும். நானும் ஒருகாலத்தில் அடித்தவன்தான். செத்த எறும்பைக் கொத்தின என் கோழிகள் மூன்றும் மறுநாள் விழுந்துவிட்டன. அன்றோடு விட்டேன். எறும்புச் சோக்கும் பூச்சிகொல்லிதான், பிள்ளைகள் அதால் தரையில் படம் கீறுவதைக் கண்டிருக்கிறேன்.

எறும்பு ஓய்ந்த பிறகுதான் தச்சு வேலை. முழு நிலையையும் மாற்றத் தேவை வராது என்று நினைக்கிறேன். ஊறின பகுதியை, நல்ல மரம் வரும்வரை, பெரும்பாலும் ஒரு அடி அல்லது ஒன்றரை அடி, வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். அந்த உயரத்துக்கு நிலையளவிலேயே கொங்கிறீற் கால் வார்த்து, வெட்டின மரத்தின் அடிமுகத்துக்குத் தார் இரண்டு பூச்சுப் பூசி அதன் மேல் இருத்தலாம். பார்வைக்கு ஒரு மாதிரியாக இருக்கும், பெயின்ற் அடித்தால் தெரியாது. மரமே வேண்டுமென்றால் முதிரை அல்லது பாலை, காய்ந்த துண்டாகப் பார்த்து. எதுவானாலும் மரம் தரையைத் தொடாமல் இரண்டு அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். குளியலறைத் தளம் வாசல் பக்கம் சரிந்திருந்தால் அதையும் கையோடு திருத்துங்கள். வாளியால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதுவே சொல்லும். இந்த வேலைக்கு ஆடி, ஆவணி நல்லது. கச்சான் காற்றில் வெட்டின மரம் நன்றாகக் காயும். ஐப்பசியில் தொடங்கினால் ஈரத்துக்கு மேல் பெயின்ற் அடித்து மூடுவீர்கள்.

கூரையைக் கழற்ற வேண்டாம் என்றேன், பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏணி வைத்து ஒருக்கால் ஏறி, சிலாகை சுவரில் குந்துகிற இடத்தையும், முகட்டையும், ஓட்டைத் தாங்குகிற றீப்பைகளையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். பனஞ்சிலாகையின் வெளிப்பக்கம் இரும்பு. அதில் எதுவும் ஏறாது. உள்ப்பக்கம் திரும்பின சோற்றிப் பகுதிதான் மென்மை, ஈரம் பட்டால் எறும்பும் கறையானும் அங்கேதான் தொடங்கும். கறுத்த ஈரத்தடம் தெரிகிறதா, அதற்கு நேர் மேலே ஓடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

விலகியிருக்கும். ஏனென்றால் குரங்கு. மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் எங்கே போனாலும் கூரை திருத்த என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேருக்குப் பிரச்சினை குரங்குதான். மாமரத்திலிருந்து கூரைக்கு ஒரு பாய்ச்சல், இரண்டு ஓடு வெடிக்கும், நாலு ஓடு வழுக்கும். கோடை முழுக்க வெளிச்சம் வருகிறதே தவிர ஒன்றும் தெரியாது. வருசத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டுகிற ஊர் இது. அந்த மூன்று மாதத்தில் அந்த நாலு ஓட்டு இடைவெளியால் இறங்குகிற தண்ணீர் போதும், சிலாகை ஊறிவிடும். தையில் எறும்பு வரும். ஆள் வந்து எறும்புக்கு மருந்தடிப்பார். குரங்கை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புரட்டாதி கடைசியில் ஓடு பார்க்கிற பழக்கத்தை வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். கூரையைத் தொடுகிற கொப்புகளை இரண்டு மூன்று முழம் தள்ளி வெட்டிவிடுங்கள். குரங்குக்கு அது முழுத்தடை இல்லைதான், எறும்புக்கு அதுதான் பாலம்.

வெட்டுகிறபோது முருங்கை, எலுமிச்சை, செவ்வரத்தை இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு ஒட்டின மாதிரி மாப்பூச்சி இருந்து, அதைச் சுற்றிக் கட்டெறும்பு நின்றால் காரணம் இருக்கிறது. மாப்பூச்சி சுரக்கிற இனிப்புத் தண்ணீர்தான் எறும்பின் முக்கியச் சாப்பாடு. மாட்டுப்பட்டி வைத்திருக்கிற மாதிரி அதைக் காவல் காக்கும். சவர்க்காரத் தண்ணீரை அடித்து மாப்பூச்சியைக் கழுவிவிட்டால் எறும்புக்கு உங்கள் வளவில் வருமானம் குறைந்துவிடும். விறகடுக்கைக் குசினிச் சுவரிலிருந்து இருபது அடியாவது தள்ளி, கல்லின் மேல் அடுக்குங்கள். மேசைக்காலுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைக்கிற பழக்கம் இருந்தால், அதில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து இரண்டு மூன்று நாளுக்கொருக்கால் மாற்றுங்கள். எறும்பைத் தடுக்கப்போய் டெங்கு நுளம்பு வளர்க்கக் கூடாது.

வளவில், வீட்டுக்குத் தள்ளி மரத்தடியில் இருக்கிற கட்டெறும்புக் கூட்டை விட்டுவிடுங்கள். அது கறையானைப் பிடித்துத் தின்கிற பிராணி. முழு வளவையும் சுத்தப்படுத்தின வீடுகளில்தான் பிறகு கறையான் கூடினதை நான் கண்டிருக்கிறேன்.

இப்போதைக்கு வரிசை இதுதான். நாளைக்குத் தூளைப் பாருங்கள், நாளை இரவு பனங்கட்டி வையுங்கள், அடுத்தநாள் பாமசிக்குப் போங்கள். மருந்தடிக்கிறவருக்கு முற்பணம் கொடுக்காமல் இருந்தால் நல்லது. கொடுத்திருந்தால், கூரையைத் தொடாமல் நிலையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நிலை திருத்தி முடிந்து முதல் மாரி வருகிறபோது, நிலையடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து நாலு மூலைக்கும் கல்லு வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் தாளில் ஏதும் கிடந்தால் கூட்டிக் கொட்டாதீர்கள். அப்படியே ஒரு படம் எடுத்து, பக்கத்தில் ஒரு தீக்குச்சியும் வைத்து அளவு தெரிகிற மாதிரி அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.